குமரியில் மூன்று நாள்: குடும்பத்தோடு வருவோர் திட்டமிடும் முறை

கன்னியாகுமரிக்குக் குடும்பத்தோடு வருகிறவர்களில் பலர் இரவு இரயிலில் ஏறி விடியற்காலையில் வந்திறங்கி, சூரிய உதயம் பார்த்து, படகில் விவேகானந்தர் பாறைக்குப் போய்த் திரும்பி, சிப்பி மாலை வாங்கிக்கொண்டு அன்று மாலையே ஊருக்குக் கிளம்பிவிடுகிறார்கள். நாகர்கோவிலில் பிறந்து வளர்ந்தவன் நான். மதுரையிலிருந்தும் கோயம்புத்தூரிலிருந்தும் வரும் உறவினர்களுக்கு ஆண்டுதோறும் வழிகாட்டி வருகிறேன். அந்த ஒருநாள் பயணத்தில் அவர்கள் பார்க்காமல் விடுவது எவ்வளவு என்பது எனக்குத் தெரியும் என்பதால்தான் இதை எழுதுகிறேன். இரண்டு இரவும் மூன்று பகலும் ஒதுக்க முடிந்தால், முதியவர்களையும் சிறு குழந்தைகளையும் அலைக்கழிக்காமல் இந்த மாவட்டத்தின் கடலையும் கோயிலையும் கோட்டையையும் அரண்மனையையும் நிதானமாகப் பார்த்துவிடலாம். அதற்கு மூன்று விஷயங்களை முதலில் மனத்தில் நிறுத்த வேண்டும்: கடல் நம் விருப்பத்துக்குப் படகை விடாது, கோயில்கள் நண்பகலில் நடை சாத்திவிடும், பத்மநாபபுரம் அரண்மனைக்குத் திங்கட்கிழமை விடுமுறை. இந்த மூன்றுக்கும் ஏற்ப நாள்களை வரிசைப்படுத்துவதே இங்கே திட்டமிடுதலில் பாதி வேலை.

வருவதற்கு முன் குழந்தைகளுக்கு ஒரு செய்தியைச் சொல்லி வையுங்கள். இந்த மாவட்டம் பல நூற்றாண்டுகள் வேணாட்டு அரசிலும் பின்னர் திருவிதாங்கூர் அரசிலும் இருந்து, 1956 நவம்பர் 1 அன்றுதான் அன்றைய சென்னை மாநிலத்தோடு இணைந்தது. அதை அறிந்து வந்தால், ஓட்டுக்கூரை வீடுகளும், ஆண்கள் மேற்சட்டையைக் கழற்றிவிட்டுக் கோயிலுக்குள் செல்லும் வழக்கமும், தேங்காய் அரைத்த மீன்குழம்பும், தமிழ்நாட்டுக்குள் கேரளத் தொல்லியல் துறையின் பொறுப்பில் இருக்கும் ஓர் அரண்மனையும் ஏன் என்று அவர்களே புரிந்துகொள்வார்கள்.

எந்த மாதம் வருவது என்பதில் கொஞ்சம் கவனம் தேவை. தென்மேற்குப் பருவமழை, வடகிழக்குப் பருவமழை ஆகிய இரண்டுமே இங்கே பெய்வதால் ஜூன் முதல் டிசம்பர் வரை எந்த வாரத்திலும் மழை குறுக்கிடலாம். ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாதங்களில் ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக வீசும் காற்று பலமாக இருக்கும். முப்பந்தலில் காற்றாலைகள் அடர்ந்து நிற்பது அந்தக் காற்றை நம்பித்தான். கடலும் அப்போது கொந்தளிப்பாக இருப்பதால் படகுப் போக்குவரத்து அடிக்கடி நிறுத்தப்படும். கார்த்திகை பிறந்தது முதல் மகர சங்கராந்தி வரை சபரிமலைக்குப் போய்த் திரும்பும் ஐயப்ப பக்தர்கள் கூட்டம் கூட்டமாகக் குமரிக்கு வருவார்கள். பள்ளிகளின் அரையாண்டு விடுமுறையும் அந்தக் காலத்திலேயே விழுவதால் விடுதி வாடகையும் படகு வரிசையும் ஒருசேர நீளும். ஆகவே பொங்கல் கழிந்த பிறகு, ஜனவரி பிற்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரை உள்ள வாரங்களையே நான் எல்லோருக்கும் சொல்கிறேன். பள்ளிக்கு ஒரு வெள்ளிக்கிழமை விடுப்புச் சொன்னால் வெள்ளி, சனி, ஞாயிறு என்று மூன்று நாள் கிடைக்கும், அரண்மனையும் திறந்திருக்கும். என் தங்கையின் குடும்பம் ஒருமுறை சனிக்கிழமை வந்து, நான் சொன்னபடியே அரண்மனையைக் கடைசி நாளுக்கு வைத்து, திங்கட்கிழமை காலையில் பூட்டிய வாசலில் போய் நின்றது. கிழமையைப் பார்க்காமல் திட்டம் சொன்னது நான்தான். அன்று அவள் மகனின் முகம் வாடிப்போனதைப் பார்த்த பிறகு, யார் கேட்டாலும் முதலில் கிழமையைத்தான் கேட்கிறேன்.

மார்ச் வரை என்று சொல்வதற்கு இன்னொரு காரணமும் உண்டு. ஒரே இடத்தில் நின்று கடலில் சூரியன் உதிப்பதையும் கடலில் மறைவதையும் பார்க்கலாம் என்று கேட்டு வருகிறவர்கள், கோடைக்காலத்தில் வந்து ஏமாந்து போவதுண்டு. குமரிமுனையிலிருந்து மேற்குக் கரை சற்று வடமேற்காக வளைந்து முட்டத்தை நோக்கிச் செல்கிறது. ஏப்ரல் தொடங்கிச் சூரியன் வடக்கே நகர்ந்துவிடுவதால் அது கடலுக்குள் விழாமல் கரைக்குப் பின்னால் மறைகிறது. ஏறத்தாழ அக்டோபர் நடுப்பகுதியிலிருந்து மார்ச் நடுப்பகுதி வரைதான் முனையில் நின்றபடி கடலில் அத்தமனம் காண முடியும். சித்திரைப் பௌர்ணமியன்று ஒருபுறம் சூரியன் மறைய மறுபுறம் சந்திரன் எழுவதைக் காணவும் பெருங்கூட்டம் கூடும். அது காணத்தக்க காட்சியே எனினும், கைக்குழந்தையோடு வருகிறவர்களுக்கு அந்த நெரிசலை நான் பரிந்துரைப்பதில்லை.

தங்குவதற்கு இரண்டு வழிகள் உள்ளன. இரண்டு இரவும் கன்னியாகுமரியிலேயே தங்குவது ஒன்று. முதல் இரவைக் கன்னியாகுமரியிலும் இரண்டாம் இரவை நாகர்கோவிலிலும் கழிப்பது மற்றொன்று. முதியவர்கள் உடன் இருந்தால் பெட்டியை மாற்றி மாற்றிக் கட்டுவது சிரமம் என்பதால் முதல் வழியே மேல். ஆனால் கூட்டம் மிகுந்த காலங்களில் நாகர்கோவிலில் அறை எளிதாகவும் மலிவாகவும் கிடைக்கும். இரண்டு ஊருக்கும் இடையே சுமார் 20 கிலோமீட்டர்தான், பேருந்துகளும் அடிக்கடி உள்ளன. கடலைப் பார்த்த அறை என்று கூடுதலாகப் பணம் கேட்டால், அது கிழக்கைப் பார்க்கிறதா என்று தொலைபேசியிலேயே கேட்டுக்கொள்ளுங்கள். அப்படி அமைந்துவிட்டால் பாட்டியும் தாத்தாவும் மாடியிலிருந்தே உதயம் பார்த்துவிடுவார்கள். மூன்றாம் நாளுக்கு மட்டும் ஒரு வாடகைக் காரை முன்கூட்டியே பேசி வையுங்கள். மற்ற இரண்டு நாளும் பேருந்தும் ஆட்டோவும் போதும்.

முதல் நாள் காலையில் வந்து இறங்கியவர்களை உடனே எங்கும் அழைத்துச் செல்லாதீர்கள். குளித்து, சாப்பிட்டு, பிற்பகல் உறங்கி எழுந்து, மாலை நடை திறந்த பிறகு 13 கிலோமீட்டர் தொலைவிலுள்ள சுசீந்திரத்துக்குப் போங்கள். பயணத்தைக் குமரியம்மனிடமிருந்து தொடங்காமல் சுசீந்திரத்திலிருந்து தொடங்கச் சொல்வதற்கு ஒரு கதை காரணம். குமரியாக அவதரித்த தேவியை மணப்பதற்காகச் சுசீந்திரத்து இறைவன் நள்ளிரவில் புறப்பட்டார் என்றும், தேவி கன்னியாகவே இருந்தால்தான் பாணாசுரனை வதைக்க முடியும் என்பதால் நாரதர் சேவலாகக் கூவி, முகூர்த்தம் தப்பிவிட்டது என்று இறைவனைப் பாதிவழியில் திரும்பச் செய்தார் என்றும், திருமணத்துக்கு வைத்திருந்த அரிசியெல்லாம் மணலாகிவிட்டது என்றும் இங்கே பாட்டிமார் சொல்வார்கள். மாப்பிள்ளை புறப்பட்ட ஊரை முதல் நாளும் மணப்பெண் காத்திருக்கும் கரையை மறுநாளும் காட்டினால், ஐந்து வயதுக் குழந்தைக்கும் இந்த இரண்டு கோயில்களும் மறக்காது.

சுசீந்திரத்து இறைவனின் தாணுமாலயன் என்ற பெயரிலேயே தாணுவாகிய சிவனும் மாலாகிய திருமாலும் அயனாகிய பிரமனும் இருப்பதை வாசலில் நின்று விளக்கிவிட்டு உள்ளே செல்லுங்கள். ஏழு நிலைக் கோபுரமும், ஒரே கல்லில் செதுக்கி வெவ்வேறு சுரம் எழுப்பும் இசைத்தூண்களும், 18 அடி உயர ஆஞ்சநேயரும் குழந்தைகளை நெடுநேரம் பிடித்து வைக்கும். சிறுவர்களுக்கும் சேர்த்து ஒரு சிறிய வேட்டியோ துண்டோ எடுத்துச் செல்வது நல்லது. அருகில் தேரூர்க் குளக்கரை இருக்கிறது. சுசீந்திரம் தேரூர் ஈரநிலம் 2022ஆம் ஆண்டு உலக முக்கியத்துவம் வாய்ந்த ஈரநிலங்களுக்கான ராம்சார் பட்டியலில் இடம்பெற்றது. குளிர்காலத்தில் வந்தால் வண்டியைப் பத்து நிமிடம் நிறுத்திப் பறவைகளைப் பாருங்கள்.

இரண்டாம் நாள்தான் கடலுக்குரிய நாள். மாதத்துக்கு ஏற்ப ஆறு மணியிலிருந்து ஆறே முக்கால் மணிக்குள் உதயம் நிகழும். அரைமணி நேரம் முன்னதாகவே கிளம்பிவிட வேண்டும். உதயம் முடிந்ததும் அறைக்குத் திரும்பிப் படுத்துவிடுகிறவர்கள் பத்து மணிக்கு வந்து இரண்டு மணி நேரம் வரிசையில் நிற்கிறார்கள். நீங்கள் காலை உணவை விரைவாக முடித்துக்கொண்டு, காலை எட்டு மணிக்குத் தொடங்கும் பூம்புகார் கப்பல் போக்குவரத்துக் கழகத்தின் படகுக்கு அதற்கு முன்பே வரிசையில் சேர்ந்துவிடுங்கள். கூடுதல் கட்டணச் சீட்டுக்கு வரிசை குறைவாக இருக்கும். மூட்டுவலி உள்ளவர்கள் இருந்தால் அந்தச் செலவுக்குத் தயங்க வேண்டாம். காற்று பலமாகவோ நீர்மட்டம் தாழ்ந்தோ இருந்தால் படகை நிறுத்திவிடுவார்கள். அப்படி நேர்ந்தால் ஊழியர்களிடம் வாதாடாமல், மூன்றாம் நாள் காலையில் மீண்டும் முயலும்படி திட்டத்தில் ஓர் இடைவெளி விட்டு வையுங்கள்.

பாறையில் விவேகானந்தர் 1892 டிசம்பர் 25, 26, 27 ஆகிய மூன்று நாள்கள் தியானத்தில் இருந்தார். ஏக்நாத் ரானடேயின் பெருமுயற்சியால் எழுந்த நினைவு மண்டபத்தை 1970 செப்டம்பர் 2 அன்று குடியரசுத் தலைவர் வி.வி. கிரி திறந்து வைத்தார். தேவி ஒற்றைக்காலில் தவமிருந்த அடிச்சுவடு என்று வணங்கப்படும் ஸ்ரீபாத மண்டபமும் அதே பாறையில்தான் இருக்கிறது. கீழே உள்ள தியான மண்டபத்தில் இருட்டும் அமைதியும் நிலவுவதால் துறுதுறுப்பான குழந்தைகளை அங்கே ஒருவர் மாற்றி ஒருவர் அழைத்துச் செல்வது முறை. முன்பெல்லாம் வள்ளுவர் சிலைக்கு மீண்டும் படகேற வேண்டியிருந்தது. 2024 டிசம்பர் 30 அன்று திறக்கப்பட்ட 77 மீட்டர் நீளக் கண்ணாடிப் பாலத்தில் இப்போது நடந்தே போய்விடலாம். கால் கீழே அலை புரள்வதைக் கண்டு அஞ்சுகிறவர்கள் கண்ணாடியைத் தவிர்த்து ஓரமாக நடக்கலாம்.

வள்ளுவர் சிலை 2000 ஜனவரி 1 அன்று திறக்கப்பட்டது. கணபதி ஸ்தபதி வடித்த அதன் மொத்த உயரம் 133 அடி. அதில் பீடம் 38 அடி, சிலை 95 அடி. அறத்துப்பாலின் 38 அதிகாரங்களின்மேல் பொருளும் இன்பமும் நிற்கின்றன என்பதே அந்தக் கணக்கு. பள்ளியில் குறள் படிக்கும் பிள்ளைகளிடம் மூன்று பால்களின் அதிகார எண்ணிக்கையைக் கேட்டுவிட்டுப் பீடத்தைக் காட்டுங்கள்; கல்லில் ஒரு நூலைக் கட்டியிருக்கிறார்கள் என்பதை அவர்களே கண்டுபிடிக்கும் மகிழ்ச்சியைப் பறித்துவிட வேண்டாம்.

திரும்பி வரும்போது வெயில் ஏறியிருக்கும். குமரியம்மனாகிய பகவதியம்மனின் கோயிலை நடை சாத்துமுன் பார்க்க ஓடுவதைவிட, மாலையில் விளக்கொளியில் பார்ப்பது அழகு. அம்மனின் வைர மூக்குத்தி ஒளியைக் கலங்கரை விளக்கம் என்று எண்ணி மரக்கலங்கள் பாறையில் மோதியதாகவும், அதனால்தான் கிழக்கு வாசல் ஆண்டின் சில விசேஷ நாள்களில் மட்டும் திறக்கப்படுவதாகவும் சொல்வார்கள். காந்தியடிகளின் அஸ்தி 1948இல் கடலில் கரைக்கப்படுமுன் பொதுமக்கள் பார்வைக்கு வைக்கப்பட்ட இடத்தில் எழுந்த காந்தி மண்டபம் பக்கத்திலேயே உள்ளது; அக்டோபர் 2 நண்பகலில் அந்த இடத்தின்மேல் சூரிய ஒளி விழும்படி அதைக் கட்டியிருக்கிறார்கள். மாலை நான்கு மணிக்கு ஆட்டோவில் வட்டக்கோட்டைக்குப் போய்விடுங்கள். ஆறேழு கிலோமீட்டர் தொலைவில், ஒரு பக்கம் கடலும் ஒரு பக்கம் மேற்குத் தொடர்ச்சி மலையும் தெரியும் இந்தக் கருங்கல் கோட்டையில் கூட்டம் குறைவு, காற்று நிறைவு. இந்த மாவட்டத்தில் எனக்கு மிகவும் பிடித்த மாலைப்பொழுது இதுதான்.

கடலில் இறங்குவதைப் பற்றி மட்டும் கண்டிப்பாகச் சொல்ல வேண்டும். இங்கே அலை பார்ப்பதற்கு அமைதியாக இருந்துவிட்டுத் திடீரென உயர்ந்து பாறை வரை ஏறும். மீனவர்கள் இதைக் கள்ளக்கடல் என்பார்கள். 2024 மே மாதம் கணபதிபுரம் கடற்கரையில் இப்படி எழுந்த அலையில் ஐந்து மருத்துவ மாணவர்கள் உயிரிழந்தார்கள். 2004 சுனாமியில் குளச்சலும் மணக்குடியும் இழந்ததை இந்தக் கரையில் யாரும் மறக்கவில்லை. கடல் சீற்ற எச்சரிக்கை வெளியாகியிருக்கும் நாளில் கால் நனைக்கவும் குழந்தைகளை விடாதீர்கள். மற்ற நாள்களிலும் அந்தந்த ஊர் மீனவர் ஒருவரிடம் கேட்ட பிறகே இறங்குங்கள். முட்டத்தில் பாறைமேல் நின்று படம் எடுப்பது கட்டாயம் கூடாது.

படகுப் பயணம் முந்தின நாளே முடிந்திருந்தால், மூன்றாம் நாள் காலை ஒன்பது மணிக்கெல்லாம் பத்மநாபபுரம் அரண்மனை வாசலில் இருக்க வேண்டும்; இல்லையென்றால் அரண்மனையைப் பிற்பகலுக்குத் தள்ளுங்கள். கன்னியாகுமரியிலிருந்து சுமார் 35 கிலோமீட்டர்தான் என்றாலும் நாகர்கோவிலிலிருந்து தக்கலை போகும் சாலை நெரிசலானது. ஒன்றரை மணி நேரம் ஒதுக்குங்கள். நண்பகலில் இடைவேளை உண்டு என்பதால் பதினொன்றரைக்கு வந்து சேருகிறவர்கள் பாதி அறைகளை ஓட்டமாக ஓடிப் பார்க்கிறார்கள். 1795இல் தலைநகர் திருவனந்தபுரத்துக்கு மாறும் வரை திருவிதாங்கூர் அரசு இங்கிருந்துதான் நடந்தது. வாசல் மண்டபமான பூமுகத்தின் மரக்கூரையில் செதுக்கிய பூக்களில் ஒன்றைப்போல் இன்னொன்று இல்லை என்பார்கள். அதைச் சரிபார்க்கும் வேலையைக் குழந்தைகளிடம் விட்டுவிடுங்கள். அரண்மனையின் பழைய பகுதியான தாய்க் கொட்டாரத்தின் பலாமரத் தூண், மன்னர் ஆலோசனை நடத்திய மந்திரசாலையில் வண்ண ஒளியை வடிகட்டித் தரும் அபிரகச் (மைக்கா) சன்னல்கள், ஊறுகாய் வைத்திருந்த பெரிய சீன ஜாடிகள், ஆயிரம் பேருக்கு மேல் அமர்ந்து உண்ட ஊட்டுப்புரை என்று ஒவ்வொன்றின்முன்னும் நிற்க நேரம் வேண்டும். சிரட்டைக்கரி, சுண்ணாம்பு, முட்டை வெண்கரு முதலியவற்றைச் சேர்த்து இழைத்ததாகச் சொல்லப்படும் கருந்தரை இன்றும் கண்ணாடிபோல் முகம் காட்டுகிறது. காலணியைக் கழற்றிவிட்டு வெறுங்காலோடு நடக்கும்போது அந்தத் தரையின் குளிர்ச்சி உள்ளங்காலில் ஏறுவதை என் அம்மா ஒவ்வொரு முறையும் வாய்விட்டுச் சொல்வார். படிகள் செங்குத்தாகவும் நிலைகள் தாழ்வாகவும் இருப்பதால் முதியவர்களைக் கீழ்த்தளத்தோடு நிறுத்திக்கொள்வது உசிதம். நடனசாலைக் கற்றூண்களின் அருகே அவர்கள் உட்கார்ந்திருக்கலாம். நவராத்திரிக்குச் சற்று முன்பு வர நேர்ந்தால், இங்கிருந்து சரஸ்வதியும் வேளிமலை முருகனும் சுசீந்திரம் முன்னுதித்த நங்கையம்மனும் திருவனந்தபுரத்துக்கு ஊர்வலமாகப் புறப்படுவதைக் காணலாம்.

அரண்மனையிலிருந்து சிறிது தொலைவில் புலியூர்க்குறிச்சியில் உதயகிரிக் கோட்டை இருக்கிறது. 1741 குளச்சல் போரில் மார்த்தாண்ட வர்மாவின் படை டச்சுக் கிழக்கிந்தியக் கம்பெனியைத் தோற்கடித்தபோது பிடிபட்ட டிலனாய் என்ற அதிகாரி, பின்னர் அதே மன்னரின் படையைப் பயிற்றுவிக்கும் தளபதியானார். 1777இல் இறந்த அவருடைய கல்லறை, கூரையில்லாத ஒரு சிறு தேவாலயத்துக்குள் இலத்தீனிலும் தமிழிலும் எழுத்துத் தாங்கி நிற்கிறது. அவர் வழியாகவே கிறித்தவத்தை அறிந்த தேவசகாயம் 1752இல் ஆரல்வாய்மொழிக் காட்டாடிமலையில் கொல்லப்பட்டார்; 2022 மே 15 அன்று புனிதராக அறிவிக்கப்பட்டார். அவர் அடக்கம் செய்யப்பட்ட கோட்டாறு சவேரியார் பேராலயம் திரும்பும் வழியில் நாகர்கோவிலிலேயே உள்ளது. தக்கலையில் ஞானப்பாடல்கள் பாடிய பீர்முகமது அப்பாவின் தர்காவும் இருக்கிறது. கோயிலும் பேராலயமும் தர்காவும் ஒரே பகலில் பார்க்கக் கிடைக்கும் இந்தப் பாதையை, சமய வேறுபாடின்றி எல்லாக் குடும்பங்களுக்கும் நான் சொல்கிறேன்.

பிற்பகலுக்கு ஒரே ஓர் இடத்தை மட்டும் தேர்ந்தெடுங்கள். பிள்ளைகள் குளிக்க ஆசைப்பட்டால் திற்பரப்பு அருவி. பறளியாற்றின் மேலாக 115 அடி உயரத்தில் கால்வாய் நீரைக் கொண்டு செல்லும் மாத்தூர் தொட்டிப்பாலம் 1966இல் கட்டப்பட்டது. அதன்மீது நடப்பது பெரிய பிள்ளைகளுக்கு நல்ல அனுபவம், உயரம் கண்டால் தலைசுற்றுகிறவர்களுக்கு அல்ல. மலையேற முடிந்தவர்கள் சிதறாலுக்குப் போய் ஒன்பதாம் நூற்றாண்டுச் சமணச் சிற்பங்களைப் பார்க்கலாம். மூன்றையும் ஒரே பிற்பகலில் அடக்க முயன்றால் காருக்குள் இருந்த நேரம்தான் நினைவில் நிற்கும்.

சாப்பாட்டுக்கென்று தனியாக இடம் தேட வேண்டியதில்லை. இந்த ஊருக்கே உரிய உணவைக் கேட்டு வாங்கினால் போதும். மரச்சீனி எனப்படும் மரவள்ளிக் கிழங்கும் தேங்காய் அரைத்த மீன்குழம்பும் இந்த மண்ணின் சாப்பாடு. சைவ உணவுக்காரர்கள் தீயலும் அவியலும் எரிசேரியும் கேளுங்கள். மற்ற ஊர்களில் பதனீர் என்பதை இங்கே அக்கானி என்போம்; காலையில் இறக்கியதைக் காலையிலேயே குடித்துவிட வேண்டும். கடற்கரைக் கடைகளில் மீன் வாங்குமுன் விலையைப் பேசிக்கொள்ளுங்கள். குழந்தைகளுக்குக் காரம் ஒத்துக்கொள்ளாவிட்டால் புட்டும் பழமும் எங்கும் கிடைக்கும்.

ஊர் திரும்பும் நாளில் இரயில் மாலைதான் என்றாலோ, காரில் திருநெல்வேலிப் பக்கம் போகிறீர்கள் என்றாலோ, விடியற்காலையில் தோவாளைப் பூச்சந்தையைப் பார்த்துவிடுங்கள். பிச்சியும் மல்லிகையும் அரளியும் குவிந்திருக்கும் அந்த வேளை எட்டு மணிக்கெல்லாம் ஓய்ந்துவிடும். வீட்டுக்கு வாங்கிப் போக முந்திரிக்கொத்தும் நேந்திரம் வற்றலும் பல நாள் கெடாமல் இருக்கும். புவிசார் குறியீடு பெற்ற மட்டிப்பழம் அப்படியல்ல. தோல் மிக மெல்லியது. முழுதாகப் பழுத்த குலையை வாங்காமல் ஒரு பக்கம் மட்டும் மஞ்சள் ஏறிய சீப்பாகப் பார்த்து வாங்கி, செய்தித்தாளில் சுற்றி, பெட்டிக்குள் திணிக்காமல் கையிலேயே பிடித்துச் செல்லுங்கள். இரண்டாம் நாள் காலையில் சரியாகப் பழுத்திருக்கும்.